ஜன்னலோரத்தில் துடைத்துப் பார்த்தவருக்கு

ஸ்ரீரங்கம் கொள்ளிடக்கரை தாய் சேய் நல இல்லத்தின் செவிலியர் கண்காணிப்பாளர் திருமதி டோரதி அவர்களின் பணி நிறைவு நாளில், உடன் பணிபுரிந்தோர் வாசித்தளிக்கும் மடல்

பிறந்த குழந்தையின் மேனியைப் பகல் வெளிச்சத்தில் ஏந்திப் பார்த்தவரே, பெற்றவளின் மேனியையும் மறவாமல் பார்த்தவரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் பொன்மலையிலிருந்து பஸ் மாறி வந்து காலை ஏழரைக்கு எங்கள் வார்டின் கிழக்கு ஜன்னலைத் திறந்தவரே, கடிந்த சொல்லிலும் கனிவு குறையாத எங்கள் டோரதி சிஸ்டரே, வணக்கம்.

இந்த மடலைச் சற்று மெதுவாக வாசிக்கப் போகிறோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் தாளிலிருந்து முகத்தை நிமிர்த்திச் சொல்வோம். இடையிடையே நிறுத்துவோம். காரணம் பின்னால் வரும். அவையோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மேடைக்கு நீங்கள் வருவீர்களா என்பது சென்ற வாரம்வரை எங்களுக்கே தெரியாது. முதலில் எழுதிய மடலை வழக்கப்படி உங்களிடம் காட்டினோம். அதில் நீங்கள் கருணைக் கடலாகவும் கடமையின் சிகரமாகவும் இருந்தீர்கள். நின்றபடியே படித்தீர்கள். நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

"இது யாருக்கு எழுதினது? எனக்குத்தான்னா இதுல ஸஹ்ராவ எங்க காணோம்? அவ இல்லாத மடல நான் வாங்கமாட்டேன். அதுவும் சும்மா எழுதக் கூடாது. அவங்க அம்மா நசீரா கிட்டப் போயிக் கேளுங்க. அவங்க வேணாம்னா மடலே வேணாம். ஒரு டீ குடிச்சுட்டுப் போயிட்டே இருப்பேன்."

"டீயோட வடையும் தரோம், மேடையேறுங்கம்மா" என்றார் நம் வார்டு ஆயா அற்புதம்மாள். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் இது பேச்சுக்குச் சொன்னதல்ல என்று எங்களுக்குப் புரிந்தது.

ஸஹ்ரா யார் என்று இந்த அவையில் பலருக்குத் தெரியாது. சொல்வோம். அதற்கு முன், ஒரு பாராட்டு மடல் சொல்லியே ஆக வேண்டிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். அவையும் பொய்யல்ல.

குழந்தை பிறந்ததும் அதன் மேல் வெண்ணெய் போல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சைத் தேய்த்து எடுக்கும் வழக்கம் இந்த வார்டில் இருந்தது. பார்ப்பவர்களுக்குக் குழந்தை பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக. "அது அழுக்கில்ல, அது போட்டுக்கிட்டு வந்த சட்டை. அதுவா கழட்டுற வரைக்கும் விடுங்க" என்று நிறுத்தியவர் நீங்கள். முதல் குளியலைத் தள்ளி வைக்கச் சொன்னீர்கள். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்கச் சொன்னீர்கள். ஐந்தாம் நாள் உள்ளங்கையும் உள்ளங்காலும் உரியும்போது பயந்து ஓடி வருகிறவர்களிடம், "பத்து மாசம் தண்ணியில கெடந்த தோலு, கொஞ்சம் உரியத்தான் செய்யும்" என்று சொல்லி, எதையும் தடவாமல் திருப்பி அனுப்பினீர்கள். எதையும் தடவாமல் அனுப்புவதுதான் இந்த வேலையில் கடினம் என்பதை உங்களைப் பார்த்தே அறிந்தோம். கையில் ஒரு டப்பா கொடுத்தால்தான் வைத்தியம் என்று நம்புகிற ஊரில், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

பவுடரை நீங்கள் கழுத்து மடிப்பின் எதிரி என்பீர்கள். பாலும் வியர்வையும் பவுடரும் சேர்ந்து மடிப்புக்குள் களியாகிப் புண்ணானதை விரலால் விரித்துக் காட்டுவீர்கள். கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, காற்றுப் படவிடு. உங்கள் மருந்துச் சீட்டு பெரும்பாலும் இவ்வளவுதான். சாம்பிராணிப் புகையைக் குழந்தைக்குக் காட்டாமல் அறைக்குக் காட்டுங்கள் என்பீர்கள். கண் மை வேண்டாம் என்று சொன்னால் எந்த வீடும் கேட்காது என்று அறிந்து, திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலுக்கு இறக்கி வைத்தீர்கள். ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் பாலக்கரைச் சந்துகளிலும் ஒரே மாதிரி அந்தச் சமரசம் செல்லுபடியானது.

தாய்மார்களிடம் நீங்கள் பொய் சொன்னதில்லை. மார்க்காம்பு வெடித்து அழுகிறவளிடம், பால் கொடுத்து முடித்ததும் அந்தப் பாலிலேயே இரண்டு சொட்டைத் தடவிக் காயவிடச் சொல்லி, குழந்தையின் வாயை அகலத் திறந்து பொருத்தும் விதத்தை மாற்றிக் கொடுப்பீர்கள். கழுத்துக் கருப்பு மெல்லக் குறையும் என்பீர்கள். வயிற்றுக் கோடுகள் மங்கும், மறையாது என்பீர்கள். தொட்டியத்து வாழை விவசாயி காத்தமுத்து தம் மனைவிக்காக விலையுயர்ந்த களிம்பு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, "இதத் தடவுனா கோடு சுத்தமாப் போயிருமாமுல்ல சிஸ்டர், வெளம்பரத்துல சொல்றாங்க" என்று கேட்ட நாள் எங்களுக்கு நினைவிருக்கிறது.

"ஏங்க, காத்துல கிழிஞ்ச வாழையெலய ஒட்டவைக்க ஏதாச்சும் களிம்பு வச்சிருக்கீங்களா?"

"இருந்தா நான் ஏன் சிஸ்டர் இங்க நிக்கிறேன், இந்நேரம் கோடீஸ்வரன்ல."

"அப்ப இத உங்க பித்தவெடிப்புக்குத் தடவிக்கங்க. அவங்களுக்குத் தேங்கா எண்ணெய் போதும், அரிப்பு அடங்கும். கோடு இருந்துட்டுப் போவுது. புள்ள வந்த வழி."

அவர் மனைவி போர்வைக்குள் சிரித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பிரசவத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இதோடு முடித்திருந்தால் இது வழக்கமான மடல். நீங்கள் மடித்துக் கொடுத்துவிடுவீர்கள். எனவே இனி ஸஹ்ராவைப் பற்றிச் சொல்கிறோம்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை. பிரசவமாகி வீட்டுக்குப் போன தாய்மார்கள் ஐந்தாம் நாள் குழந்தையைக் காட்ட வரும் நேரம். ஜன்னலோர மேசைக்கு முன் வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. பாலக்கரை நசீரா தம் முதல் குழந்தையோடு வந்தார். குழந்தையின் முகமும் நெஞ்சும் மஞ்சளாக இருந்தன. இந்த ஊரில் அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வீட்டில் பயற்றமாவோடு கஸ்தூரி மஞ்சள் சேர்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியது. மற்றொன்று மஞ்சள் காமாலை. முதலாவதற்குத் திட்டு போதும். இரண்டாவதற்குக் குழந்தையை நீல விளக்குப் பெட்டிக்குள் கிடத்த வேண்டும், அதுவும் உடனே.

"மஞ்சள் தேச்சீங்களா?" என்று கேட்டீர்கள்.

"ஆமா சிஸ்டர், காலைல" என்றார் நசீரா.

நீங்கள் திட்டினீர்கள். அட்டையில் 'தோல் மஞ்சள்: பூசியது' என்று எழுதினீர்கள். அடுத்தவரை அழைத்தீர்கள். ஈரப் பஞ்சால் ஒரு முறை துடைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். துடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நம்மிடமிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போய், அங்கே இரத்தம் மாற்றி, உயிர் பிழைத்தது. பத்தாம் மாதத்தில் பாத்திரம் விழுந்தாலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சோதித்ததில், முற்றிய காமாலை காது நரம்பைத் தாக்கி, இரு காதுகளிலும் கேட்கும் திறன் பெரும்பகுதி போயிருந்தது.

அந்த அட்டையை நீங்கள் கிழிக்கவில்லை, திருத்தவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோய், இது என் கையெழுத்து என்றீர்கள். நசீராவின் வீட்டுக்குப் போய், "நான் துடைச்சுப் பாக்கல. எம்மேல தப்பு" என்றீர்கள். அதன் பிறகு அந்த ஜன்னலோரத்தில் ஒரு புது நடைமுறை வந்தது. ஐந்தாம் நாள் வரும் எந்தக் குழந்தைக்கும் முதலில் டியூப்லைட்டை அணைக்க வேண்டும். ஈரப் பஞ்சால் நெற்றியையும் நெஞ்சையும் உள்ளங்காலையும் துடைக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்து, அழுத்திய இடம் வெளுக்கிறதா மஞ்சளிக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சந்தேகமானால் இரத்தப் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் அட்டையில் எழுத வேண்டும். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் அந்த அட்டையைக் காட்டி, "அவங்க சொல்றதக் கேட்டுக்க. கேட்டுட்டுத் துடைச்சுப் பாரு" என்பீர்கள். அதன் பின் எங்கள் ஜன்னலைத் தாண்டி, கவனிக்கப்படாத காமாலையோடு ஒரு குழந்தையும் வீட்டுக்குப் போனதில்லை என்று பதிவேடு சொல்கிறது. அதை ஒரு சாதனையாக நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு குழந்தைக்குப் பிந்தி வந்த முறை என்றே சொன்னீர்கள்.

மாதம் ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிந்ததும் பாலக்கரைக்குப் போவீர்கள். காதுக் கருவி வாங்க அலைந்ததும், பேச்சுப் பயிற்சிக்கு உடன் போனதும், பள்ளியில் முதல் பெஞ்சு கேட்டு வாதாடியதும் நாங்கள் அறிவோம். ஒவ்வொரு முறையும் நசீரா டீ போட்டுக் கொடுத்தார் என்பதும், அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நீங்கள் வியந்ததும் அறிவோம்.

இதுவரை நீங்கள் அறிந்த கதை. இனி வருவது நீங்கள் அறியாதது.

நீங்கள் சொன்னபடி சென்ற வாரம் நசீராவிடம் சம்மதம் கேட்கப் போனோம். நம் ஆனந்தவள்ளி சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். பிளஸ் ஒன் படிக்கும் ஸஹ்ரா எதிரில் உட்கார்ந்து எல்லோர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நசீரா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தது தவறோ என்று நாங்கள் எழுந்திருக்கப் பார்த்தோம்.

"உக்காருங்க" என்றார். "அன்னைக்கு நான் மஞ்சள் போடலைங்க."

யாருக்கும் உடனே விளங்கவில்லை.

"புள்ளைக்கு மஞ்சளே தேய்க்கல. காலைலயே அது மேல மஞ்சளா இருந்துச்சு, எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. வரிசைல எனக்கு முன்னால நின்ன அம்மா, மஞ்சள் தேச்சேன்னு சொல்லிச்சு. சிஸ்டர் அதுக்குத் திட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கும் முன்னால ஒரு புள்ளய காமாலைன்னு பெட்டில போட அட்மிசன் பண்ணிட்டாங்க. மறுநா சனிக்கிழம அவருக்கு துபாய் ஃபிளைட்டு. போனா வர ரெண்டு வருசம். பெட்டில வச்சுட்டா அவரு புள்ளயத் தூக்கக்கூட முடியாதே. திட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லிட்டேங்க. ஒரு நாளு அவரு கையில இருக்கட்டும்னு."

கணவர் மன்சூர் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவரிடமும் நசீரா இதைச் சொன்னதில்லை.

"சிஸ்டரு மாசாமாசம் வந்து எம்மேல தப்பு எம்மேல தப்புன்னுவாங்க. நான் டீயப் போட்டுக் குடுத்துட்டுச் சும்மா இருப்பேன். அவங்க செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு உள்ள கூசும். எழுதுங்க. ஆனா அவங்க தப்ப மட்டும் எழுதாதீங்க. என்னுதையும் எழுதுங்க. அப்பத்தான் எனக்குச் சம்மதம்."

ஸஹ்ராவின் பக்கம் திரும்ப எங்களுக்குத் துணிவில்லை. அவளே பேசினாள். அவள் பேச்சு சற்றுத் தட்டையாக இருக்கும். ஆனால் தெளிவாக இருக்கும்.

"அத்தாக்காகவாம்மா?" தந்தையை அவள் அத்தா என்றே அழைப்பாள்.

நசீரா தலையசைத்தார். அவள் எழுந்து போய் ஷோகேசிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்தாள். இளம் மன்சூர், கையில் ஐந்து நாள் குழந்தை. வெள்ளிக்கிழமை மாலை எடுத்தது. குழந்தை முழுதும் மஞ்சள்.

"கலர் சரியா வரலன்னு இத்தன வருசமா ஸ்டுடியோக்காரர இல்ல திட்டிட்டிருந்தோம்" என்றாள்.

முதலில் சிரித்தது அவள்தான். பிறகு நசீரா அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ரெண்டு பேரும் பதினாறு வருசமா தப்பப் பங்கு போட்டுக்காம தனித்தனியா முழுசா வச்சிருக்கீங்க. என்னைய யாராச்சும் கேட்டீங்களா? காதுதான் எனக்கு மட்டு, வாய் நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "எழுதிக்கங்க. ஆனா மேடைல எல்லாரும் பேப்பரப் பாத்துக் குனிஞ்சே படிப்பாங்க, எனக்கு ஒண்ணுமே புரியாது. நிமிந்து, மெதுவாப் படிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவையோரே, நாங்கள் நிமிர்ந்து நிமிர்ந்து வாசிப்பதன் காரணம் இதுதான். முதல் வரிசையில் இடது ஓரம், நீலத் துப்பட்டா.

இரண்டு நாள் கழித்து நசீரா போன் செய்தார். "அவருகிட்ட சொல்லிட்டேங்க. அந்தப் போட்டோவ எடுத்துக் கண்ணாடியத் தொடச்சாரு. திரும்ப அதே எடத்துல வச்சாரு. விழாவுக்கு நானும் வரேன்னாரு."

சிஸ்டர், இதைக் கேட்டு உங்கள் தவறு குறைந்துவிட்டது என்று நாங்கள் சொல்லமாட்டோம். சொன்னால் நீங்கள் ஒப்பமாட்டீர்கள். அவர் என்ன சொல்லியிருந்தாலும் நான் துடைத்திருக்க வேண்டும் என்பீர்கள். உண்மை. அதுதான் நீங்கள் கொண்டுவந்த முறை. நசீராவும் தம் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டார். அதுவும் உண்மை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களிடம் 'கேட்டுட்டுத் துடைச்சுப் பாரு' என்று சொன்ன நீங்கள், உங்கள் மேல் நீங்களே எழுதிக்கொண்ட அட்டையைப் பதினாறு ஆண்டுகளில் ஒரு முறையும் துடைத்துப் பார்க்கவில்லை. பாலக்கரையில் டீ போட்டுக் கொடுத்தவரும் பார்க்கவில்லை. உங்கள் முறைப்படி இன்று, பகல் வெளிச்சத்தில், எல்லோர் முன்னும் துடைத்துப் பார்த்தோம். கீழே பழி இல்லை. வரிசை நீண்டிருந்த ஒரு காலையில் களைத்திருந்த ஒருவரும், கணவன் கையில் குழந்தையை ஒரு நாள் பார்க்க ஆசைப்பட்ட ஒருவரும் இருந்தார்கள். அந்த இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தை இருந்தது. அவள் வளர்ந்து, இங்கே உட்கார்ந்து, நாங்கள் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரார் தோலையெல்லாம் பேணிய உங்கள் கைகள் சோப்பிலும் கிருமிநாசினியிலும் வெடித்து வரி வரியாகக் கிடக்கின்றன. எண்ணெய் தடவச் சொன்னால், பச்சைக் குழந்தையைத் தொடுகிற கை வழுக்கக் கூடாது என்று மறுத்தீர்கள். நாளை முதல் அந்தக் காரணம் செல்லாது. அற்புதம்மாள் தம் வீட்டுத் தேங்காயைக் காய வைத்து ஆட்டிய எண்ணெய் ஒரு பாட்டில் இந்த மடலோடு வருகிறது. காலையும் மாலையும் தடவுங்கள். வெடிப்பு ஆறி, மூட்டு வலி அண்டாமல், கண் தெளிவு மங்காமல், ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கும் மாதம் ஒரு முறை பாலக்கரைக்கும் நடந்தே போகும் பலத்தோடு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் சூழ நெடுங்காலம் நலமாக இருங்கள். பாலக்கரைக்கு இனி மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம். டீ குடிக்கப் போங்கள்.

இந்த மடலை உங்கள் கையில் கொடுக்கப் போவது மருத்துவரோ நிர்வாகியோ அல்ல. நசீராவும் ஸஹ்ராவும் மேடைக்கு வருகிறார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் மடலின் எழுத்து ஸஹ்ராவின் கையெழுத்து. உங்கள் தவறு இருக்கும் வரியையும் தன் தாயின் தவறு இருக்கும் வரியையும் அவள் ஒரே அளவில், ஒரே மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறாள்.

நீங்கள் வைத்த நிபந்தனை நிறைவேறியது. வாங்கிக்கொள்ளுங்கள், சிஸ்டர்.

கிழக்கு ஜன்னலை நாளைக் காலை ஏழரைக்குத் திறக்கப் போகும்,
கொள்ளிடக்கரை தாய் சேய் நல இல்லத்துச் செவிலியர், மருத்துவர், ஆயாக்கள் மற்றும் பணியாளர் அனைவரும்
ஸ்ரீரங்கம்